குதிரைக்காரர் கேள்விகள்: "64-க்கு வந்துச்சா?"

போன மாதம் இந்தப் பகுதியில் எண்டியூரன்ஸ் என்கிற நெடுந்தூரக் குதிரையோட்டத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 40, 80, 120, 160 கிலோமீட்டர் என்று தூரம் இருக்கும், அதைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்திருப்பார்கள், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கால்நடை டாக்டர் குதிரையைப் பார்த்து 'போகலாம்' என்றால்தான் அடுத்த சுற்று. அவ்வளவுதான் எழுதினேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த டாக்டரைப் பற்றித்தான்! டெல்டாவில் குதிரை என்றால் ரேக்ளாவும் திருவிழா ஊர்வலமும்தான் என்று நினைத்திருந்தேன், இத்தனை பேர் சேணம் போட்டு ஆற்றங்கரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்கே புதுசு. மாட்டாஸ்பத்திரியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன், இப்படிப்பட்ட ஓட்டங்களில் ஸ்டெதாஸ்கோப்போடு நின்றும் இருக்கிறேன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தியூர் சந்தையில் வாங்கிய கத்தியவாரி பெட்டைக் குதிரை, ஏழு வயது. தை மாதம் கர்நாடகாவில் 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். வெட் செக் என்கிற கால்நடை டாக்டர் பரிசோதனையில் என்னதான் பார்ப்பார்கள் டாக்டர் சார்? திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. (வாசகர், ஒரத்தநாடு)

தம்பி, வயிற்றைக் கலக்க வேண்டியது உங்களுக்கு இல்லை, குதிரைக்குத்தான், அதையும் டாக்டர் காது வைத்துக் கேட்பார், பின்னால் சொல்கிறேன்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலமோ அன்று விடியற்காலையிலோ முதல் பரிசோதனை. 40 கிலோமீட்டரை இரண்டு சுற்றாக வைத்திருந்தால் நடுவில் ஒன்று. முடித்த பிறகு ஒன்று. உங்கள் கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள், வெட் கார்டு என்பார்கள், ஒவ்வொரு பரிசோதனையிலும் அதில் எண்களும் ஏ, பி, சி என்று எழுத்துகளும் ஏறிக்கொண்டே போகும். பி விழுந்தால் பதற வேண்டாம், இருபது கிலோமீட்டர் ஓடிய குதிரைக்கு எல்லாமே ஏ போட்டால் எனக்கு அந்த டாக்டர் மேல்தான் சந்தேகம் வரும்.

முதலில் நாடித்துடிப்பு. இடது முன்னங்கை முட்டிக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ணுவார்கள். அது சரியாக இருந்தால்தான் மற்றது. அப்புறம் மேல் உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்ப்பார்கள், கட்டைவிரலால் ஈறை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். தோள்பட்டைத் தோலைக் கிள்ளித் தூக்கி விடுவார்கள், உடனே படிந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம், கூடாரம் போல நின்றால் இல்லை. கழுத்து நரம்பை அழுத்தி அது எவ்வளவு சீக்கிரம் புடைக்கிறது என்று பார்ப்பார்கள். வயிற்றின் இரண்டு பக்கமும், மேலும் கீழும், குடல் சத்தம் கேட்பார்கள். சேணம் உட்காரும் இடத்தில் விரலை ஓட்டி முதுகு நெளிகிறதா, வயிற்றுப் பட்டை அறுத்திருக்கிறதா, பின்தொடைச் சதை கல்லாகியிருக்கிறதா, லாடம் ஆடுகிறதா என்றெல்லாம் தடவிப் பார்ப்பார்கள். கை மட்டும்தான் ஓடும், குதிரைக்கு வலிக்கிற வேலை எதுவும் கிடையாது.

இதில் நம் ஊர்க் குதிரைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் உடம்பில் இல்லை, பழக்கத்தில். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று சொல்வார்களே, உதட்டைத் தூக்கக் கைநீட்டினால் தலையை வானத்துக்குத் தூக்கும் குதிரைகள் எத்தனையோ. வெளியாள் கை பட்டதும் மிரண்டால் துடிப்பு ஏறிவிடும், ஏறின துடிப்பைத்தான் டாக்டர் எழுதுவார். இன்றிலிருந்து தினம் ஒரு தடவை உதட்டைத் தூக்குங்கள், தோலைக் கிள்ளுங்கள், வாரத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரை விட்டும் செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக ஓட்டிக் காட்ட வேண்டும். நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவில் இருக்கும் ட்ராட்டில், கெட்டித் தரையில், நேர்க்கோட்டில் போய்த் திரும்பி வர வேண்டும், நீங்கள் பக்கத்தில் ஓட வேண்டும், சேணம் இருக்காது. கயிற்றைத் தளர விடுங்கள். குதிரை நொண்டுகிறதா என்று டாக்டர் தலையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார், வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே வரும், கயிற்றை இறுக்கிப் பிடித்தால் அந்த ஆட்டம் மறையும், மறைக்கிறீர்கள் என்று நினைத்து மறுபடி ஓடச் சொல்வார். முன்னால் நின்று மாட்டை இழுப்பது போல இழுக்காதீர்கள், தோளுக்குப் பக்கத்தில் ஓடுங்கள். திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, குதிரையை வலது பக்கம் தள்ளித் திருப்பி நீங்கள் வெளிவட்டத்தில் வாருங்கள், அப்போதுதான் டாக்டர் கண்ணை மறைக்க மாட்டீர்கள். இதற்கு ஆற்று மணலில் பழக்காதீர்கள், நெல் அடிக்கிற களமோ ஊர் சிமெண்ட் ரோடோ போதும்.

லாடம் அடிப்பதை முந்தின நாளுக்கு வைத்துக்கொள்ளாமல் ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே முடியுங்கள், ஆணி தப்பாக இறங்கியிருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். மாநிலம் தாண்டி ஏற்றுகிறீர்கள், கிளாண்டர்ஸ் என்கிற தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை முடிவும் உடல்நலச் சான்றும் வேண்டுமா என்று நடத்துபவர்களிடம் இப்போதே கேளுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் முடிவு கைக்கு வராது.

ஸ்டெதாஸ்கோப் ஒன்று வாங்கிவிட்டேன். குதிரை கொட்டகையில் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 76 துடிப்பு வருகிறது. ஓட்டத்தில் 64-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். இதயக் கோளாறா? (வாசகர், திருவையாறு)

இல்லை. நீங்கள் 'லப்' என்பதை ஒன்று, 'டப்' என்பதை ஒன்று என்று எண்ணியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு துடிப்பு. 76-ஐப் பாதியாக்கினால் 38, குதிரை ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 28-லிருந்து 44 வரை இருப்பது சரியான அளவு. குதிரையின் இதயம் நிதானமாக அடிக்கும், ஒரு 'லப்'புக்கும் 'டப்'புக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி விடும், பழகாத காதுக்கு இரண்டும் தனித்தனி அடியாகத்தான் கேட்கும். வெட்கப்படாதீர்கள், நான் படிக்கும் காலத்தில் இதே தப்பைச் செய்து, நல்லபடியாக நின்றுகொண்டிருந்த குதிரைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

15 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். காலையில் தீனி போடுவதற்கு முன்னால் எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்ததும் ஒரு தடவை, ஐந்து நிமிஷம் கழித்து, பத்து நிமிஷம் கழித்து. ஒரு மாதம் எழுதினால் உங்கள் குதிரையைப் பற்றி எந்த டாக்டருக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரியும். வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் 60-க்கு இறங்குகிற குதிரை ஒருநாள் பதினைந்து நிமிஷம் எடுத்தால், நொண்டாவிட்டாலும், தின்றாலும், எங்கேயோ ஏதோ கோளாறு இருக்கலாம்.

இப்போது 64. பெரும்பாலான ஓட்டங்களில் இதுதான் எல்லை, வெயில் கொளுத்தினால் இன்னும் குறைப்பார்கள். சுற்றை முடித்துக் கோட்டைத் தாண்டியதும் உங்கள் கடிகாரம் நிற்காது, துடிப்பு இறங்கி, 'எண்ணுங்கள்' என்று நீங்கள் குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தி, அது எல்லைக்குள் இருந்தால்தான் நிற்கும். அதற்கும் 15 நிமிஷம், 20 நிமிஷம் என்று கெடு உண்டு, எவ்வளவு என்பது அந்தந்த ஓட்டத்தின் விதி. துடிப்பு இறங்கின நேரத்திலிருந்துதான் 40 நிமிஷம் போல கட்டாய ஓய்வும் ஆரம்பிக்கும். ஆக, கடைசி ஒரு கிலோமீட்டரைப் பாய்ச்சலில் வந்து நாலு நிமிஷம் மிச்சம் பிடித்தவர், துடிப்பு இறங்கப் பத்து நிமிஷம் காத்திருப்பார், இறங்கி நடந்து வந்தவர் தண்ணீர் ஊற்றிவிட்டு நேராக உள்ளே போய்விடுவார். வயிற்றுப் பட்டையைத் தளர்த்திவிட்டு, குதிரை தலையைத் தாழ்த்தி நடக்கும்படி விட்டு, பேசாமல் கூட்டி வாருங்கள். சொந்தக்காரர் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு "64-க்கு வந்துச்சா, வந்துச்சா" என்று கேட்டால் வராது.

இன்னொன்று. துடிப்பு எண்ணியதும் 40 மீட்டர் ட்ராட்டில் போய்த் திரும்பச் சொல்லி, ஓட ஆரம்பித்ததிலிருந்து சரியாக ஒரு நிமிஷத்தில் மறுபடி எண்ணுவார்கள். 60-க்கு 60 வந்தால் ரொம்ப நல்லது, 60-க்கு 64 வரை பொறுப்பார்கள், 60-க்கு 72 வந்தால் முதல் எண்ணை மட்டும் காட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. உடம்பு தீர்ந்துகொண்டிருப்பதை இந்த இரண்டாவது எண்தான் காட்டிக் கொடுக்கும்.

சூடான குதிரை மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விறைத்துப் போகும், சன்னி வரும் என்று எங்கள் தாத்தா அடிக்க வருவார். ஓட்டங்களில் பக்கெட் பக்கெட்டாக ஊற்றுகிறார்களே? (வாசகி, மன்னார்குடி)

தாத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன், கல்லூரியில் எங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்னால், அந்த ஊர்ப் புழுக்கத்தில் குதிரைகள் தாங்குமா என்று பயந்து நிறைய ஆராய்ச்சி செய்தார்கள், குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதால் சதை பிடிப்பதில்லை, உடம்புச் சூடுதான் வேகமாக இறங்குகிறது என்று அப்போது தெளிவாகிவிட்டது. நம் டெல்டாவுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். வியர்வை காய்ந்தால்தான் சூடு இறங்கும், ஆடி ஆவணிப் புழுக்கத்தில் நம் சட்டையே காய்வதில்லை, குதிரைக்கு எங்கே காயும்?

ஊற்றுங்கள், நிறுத்தாமல் ஊற்றுங்கள். கழுத்தின் அடிப்பக்கம், மார்பு, கால்களின் உட்பக்கம் எல்லாம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிற இடம். ஊற்றின தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும், அப்படியே விட்டுவிடாமல் மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டே இருங்கள். ஈரத் துணியை மேலே போர்த்தி நிறுத்துவதுதான் தப்பு, அது சூட்டை உள்ளேயே மூடி வைக்கும். தாத்தாவிடம், குடிக்கிற தண்ணீரும் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள், ஓடுகிற குதிரைக்கு வழியில் வாய்க்கால் வந்தால் நிறுத்திக் குடிக்க விடுவதுதான் இந்த ஓட்டத்தின் பாதித் தந்திரம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மற்ற குதிரையெல்லாம் நனைந்து நிற்கும்போது உங்களுடையது காய்ந்த தோலோடு மூச்சிரைத்து நின்றால் பெருமைப்படாதீர்கள். வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும், வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளுக்கும் இது வந்தது. அந்தக் குதிரையை ஓட்டத்துக்கே கொண்டுபோகக் கூடாது.

எங்கள் ரேக்ளாக் குதிரை போக வர எட்டு மைல் பாய்ந்துவிட்டு வந்து ஜம்மென்று நிற்கும். மெதுவாக 40 கிலோமீட்டர் போவதற்கு இத்தனை சோதனை எதற்கு? டாக்டர்களுக்கு வேலை வேண்டாமா என்று செய்கிறார்களா? (வாசகர், பாபநாசம்)

எங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது அய்யா, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு டார்ச் லைட் வெளிச்சத்தில் குதிரை வாயைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டு யாரும் வருவதில்லை.

ரேக்ளா கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். 40 கிலோமீட்டர் மூன்று மணி நேரம் ஆகும். வெயிலில் உழைக்கிற குதிரை மணிக்கு 10-லிருந்து 15 லிட்டர் வரை வியர்வை விடும், அந்த வியர்வையில் உப்பு நம் வியர்வையைவிட மிக அதிகம், ரத்தத்தில் இருப்பதையும் மிஞ்சும். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போவதால் உடம்பு வற்றியது குதிரையின் மூளைக்குத் தெரியாது, தாகமே எடுக்காமல் நிற்கும். முன்னால் ஒரு குதிரை ஓடினால் இதுவும் ஓடும், விழும்வரை ஓடும். நிற்கச் சொல்ல அதற்குத் தெரியாது என்பதால்தான் இன்னொருவரை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மலைப்பக்கம் 1955-ல் தொடங்கிய டெவிஸ் கப் என்கிற ஓட்டத்தில் ஒரே நாளில் 100 மைல், முடிப்பவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். அங்கே முதலில் வந்த பத்துக் குதிரைகளை மறுநாள் மறுபடி பரிசோதித்து, நல்ல நிலையில் இருப்பதற்குத் தனிக் கோப்பை கொடுக்கிறார்கள், குதிரைக்காரர்கள் அதைத்தான் பெரிதாகப் பேசுவார்கள்.

உங்கள் குதிரை ஜம்மென்று நிற்கிறது என்றீர்களே, சந்தோஷம். அடுத்த தடவை நிற்கும்போது ஈறை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

லேசாக நொண்டினால் வலி ஊசி போட்டுக்கொண்டு போகலாமா? ஒரு நாள்தானே. (பெயர் வேண்டாம், கும்பகோணம்)

கூடாது. வலி தெரியாத குதிரை, நொண்ட வேண்டிய காலில் முழுப் பாரத்தையும் போட்டு ஓடும், காலில் தசைநாண் கிழிந்த பிறகு அந்த ஒரு நாள் ஒரு வருஷம் ஆகும். ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள், மாட்டினால் தடை. ஊசி வேண்டாம், தைலம் தேய்க்கலாமா என்று அடுத்த கடிதம் வரும், அதற்கும் இப்போதே பதில்: 2008 ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது சில குதிரைகளின் மாதிரியில் கேப்சைசின் இருந்து ஓட்டியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கேப்சைசின் என்றால் வேறொன்றும் இல்லை, மிளகாய்க் காரம். வலிக்குத் தேய்க்கும் களிம்புகளில் இருக்கிறது. உங்கள் கொட்டகையில் இருக்கும் டப்பாக்களைக் கொஞ்சம் திருப்பிப் படியுங்கள்.

முதல் ஓட்டத்திலேயே இரண்டாவது பரிசோதனையில் என் குதிரையை நிறுத்திவிட்டார்கள். நொண்டவில்லை, துடிப்பு 60. குடல் சத்தத்துக்கு சி போட்டு, இன்னும் ஏதோ பார்த்து, 'போதும்மா' என்று அட்டையை வாங்கிவிட்டார் டாக்டர். எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். என்ன தப்பு செய்தேன்? (வாசகி, மயிலாடுதுறை)

அந்த அட்டையின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. முதல் பரிசோதனையில் குடல் சத்தம் ஏ, தோல் ஏ. இரண்டாவதில் குடல் சி, தோல் பி, ஈறு பி. துடிப்பு 60-தான், ஆனால் ஓட்டிக் காட்டின பிறகு 68. உங்கள் கடிதத்தில் நடுவில் ஒரு வரி இருக்கிறது, நீங்கள் சும்மா எழுதிப் போட்டது: "ஓய்வு நேரத்தில் எதுவும் தின்னவில்லை, விலா மட்டும் விக்கல் எடுப்பது போல ஆடிக்கொண்டிருந்தது." அந்த டாக்டர் பார்த்த 'இன்னும் ஏதோ' அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் ஒருமுறை பார்த்ததைச் சொல்கிறேன். மத்தியானம், வேப்பமர நிழலில் ஒரு வெள்ளைக் குதிரை, தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றது. விலாவுக்குப் பின்னால் தோல் சுண்டியது, நின்றது, சுண்டியது. ஈ உட்கார்ந்திருக்கும் என்று பையன் துண்டால் விசிறினான். நான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். காதில் ஒரு துடிப்பு கேட்கும்போதெல்லாம் கண் முன்னால் விலா ஒருமுறை சுண்டியது. மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதயத்தோடு சேர்ந்து உதரவிதானம் துள்ளுகிறது, வியர்வையில் கால்சியமும் மற்ற உப்புகளும் இறங்கிவிட்டால் வருவது. ஓட்டக்காரர்கள் தம்ப்ஸ் என்பார்கள். அதுவே உயிரை எடுக்காது, ஆனால் அது வந்த குதிரைக்கு அடுத்து வயிற்று நோவோ சதைப் பிடிப்போ காத்திருக்கிறது. அந்தக் குதிரை அன்று சாயங்காலமே புல் தின்றது, ஏனென்றால் அதோடு நிறுத்திவிட்டார்கள்.

தப்பு என்று கேட்டால், இரண்டு இடம் எனக்குப் படுகிறது. ஓட்டத்தன்று காலையில் கொள்ளும் தவிடும் வயிறு நிறையக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அதைக் குறைத்து, விடிய விடியப் புல் போட்டிருக்க வேண்டும், குதிரையின் பெருங்குடலில் தங்கும் புல்தான் அதன் தண்ணீர்க் குடம். வழியில் வரப்பில் அருகம்புல் கண்டால் ஒரு நிமிஷம் மேய விடுங்கள், குடல் சத்தம் திரும்ப அது உதவும். இரண்டாவது, உப்புக் கரைசலைத் தண்ணீர் குடிக்காத குதிரையின் வாயில் ஊசிக்குழாயால் அடித்திருக்கிறீர்கள். வற்றின உடம்பில் உப்பு மட்டும் போனால் மிச்சம் இருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். முதலில் தண்ணீர், குடித்த பிறகு உப்பு. உங்கள் வீட்டில் மற்ற நாளில் தினம் என்ன தீனி என்று எழுதவில்லை, எழுதுங்கள்.

அழுததற்கு வருத்தப்படாதீர்கள். அந்த டாக்டர் ஒரு நொண்டலும் இல்லாத, துடிப்பு 60 இருக்கிற குதிரையை நிறுத்தியிருக்கிறார், அதற்குத் துணிச்சல் வேண்டும், சுற்றி நின்றவர்கள் அவரைத் திட்டியும் இருப்பார்கள்.

ஜெயித்துவிட்டால் அப்புறம் பரிசோதனை கிடையாதுதானே? (வாசகர், நீடாமங்கலம்)

உண்டு. கோட்டை முதலில் தாண்டிவிட்டு, கடைசிப் பரிசோதனையில் நொண்டியதற்காக வெளியேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன், பரிசு பின்னால் வந்தவருக்குப் போனது. இன்னும் ஒரு சுற்று இருந்தால் இந்தக் குதிரை போகுமா என்பதுதான் அங்கே கேள்வி. முடித்த கையோடு லாரியில் ஏற்றிவிடாதீர்கள், ராத்திரி அங்கேயே கட்டி, நடத்தி, தின்கிறதா, சாணி போடுகிறதா, சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறதா என்று பாருங்கள். காப்பி நிறம் என்றால் அந்த நிமிஷமே டாக்டரை எழுப்புங்கள், நடத்தக்கூட வேண்டாம்.